கொள்ளைநோய்க் காலத்தில் பற்றாக்குறையும் ஆபத்தும்: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும் எழுப்பும் வினாக்கள்

கொள்ளைநோய் பரவும் காலத்தில் ஒரு கிறிஸ்தவர் எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம், எவ்வளவைத் தவிர்க்கலாம் என்னும் வினா திருச்சபைக்குப் புதியதன்று. ஆயினும், 2020-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனா நோயை உலகளாவிய கொள்ளைநோய் என்று கூறியது முதல், 2023-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் உலகளாவிய அவசரநிலை முடிவுற்றதாக அறிவித்தது வரை, நம் சபைகளில் இவ்வினா பல வடிவங்களில் எழுந்தது. ஆலயத்தில் கூடலாமா, திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பருகலாமா, நோயுற்றவரின் வீட்டுக்குப் போதகர் செல்லலாமா, இறந்தவரின் உடலை வழக்கம்போல் அடக்கம் செய்யலாமா என்று மக்கள் கேட்டனர்.

இவற்றுக்கு இருவகை விடைகள் கூறப்பட்டன. விசுவாசமுள்ளவன் அஞ்சவேண்டியதில்லை என்றனர் ஒரு சாரார். அறிவுள்ளவன் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டான் என்றனர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும், ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. ஆபத்து என்பது ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சிக்கும் துணிவுக்கும் ஏற்பத் தாமே தெரிந்துகொள்ளும் ஒன்று என்பதே அவ்வடிப்படை. இது உண்மைதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் அதன் மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையையும் எடுத்துக்கொள்வோம். வசதி மிகுந்த நகர்ப்புறங்களில் எளிதில் கண்ணுக்குப் படாத உண்மைகள் இங்கே வெளிப்படையாகத் தெரிகின்றன.

1. பற்றாக்குறை ஆபத்தைப் பங்கிடும் விதம்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. நான்கே மாதங்களில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. புதிய மாவட்டத்தின் அலுவலகங்களே முழுமையாக அமைந்திராத காலம் அது. அரசு மருத்துவக் கல்லூரியும் அப்போது அங்கே இல்லை. அது திறக்கப்பட்டது 2022-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள்தான். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் உதவி தேவைப்பட்டவர்கள் விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தையோ சேலத்தையோ நாடவேண்டியிருந்தது.

முதலில் தட்டுப்பட்டவை முகக்கவசமும் கை கழுவும் கிருமிநாசினியும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் நடுவண் அரசு இவற்றை இன்றியமையாப் பண்டங்களாக அறிவித்து, மூன்றடுக்கு முகக்கவசத்துக்கு ரூ. 10 என்றும், 200 மில்லி கிருமிநாசினிக்கு ரூ. 100 என்றும் உச்ச விலை வைத்தது. பேராசைக்காரருக்குத் தடை போடுவதற்கு இது வேண்டியதே. ஆனால், அவ்வாண்டு ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஒரு நாள் கூலி ரூ. 256 என்பதையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆளுக்கொரு கவசம் வாங்க ரூ. 50 வேண்டும். உச்ச விலைக்குள் விற்றாலுங்கூட அது ஒரு நாள் கூலியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஊரடங்கின் தொடக்கத்தில் அந்த வேலையும் நின்றிருந்தது.

அடுத்தது உணவு. தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடை எல்லார்க்கும் பொதுவாக இருந்ததால் பட்டினி பெருமளவு தடுக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரருக்கு ரூ. 1,000 ரொக்கமும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவையும் விலையின்றி வழங்கப்பட்டன. கூட்டத்தைத் தவிர்க்க நாளும் நேரமும் குறித்த டோக்கன்களும் கொடுக்கப்பட்டன. இது நல்ல ஏற்பாடு. ஆயினும், பொருளைப் பெற யாரேனும் வீட்டைவிட்டு வெளியே வந்து வரிசையில் நின்றாகவேண்டும். மாத ஊதியம் பெறுபவர் ஒரு மாதத்துக்கான பொருள்களை ஒரே முறையில் வாங்கி வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அன்றாடங் காய்ச்சியோ அன்றைய காசில் அன்றைய பொருளை வாங்குபவர். அவர் முப்பது முறை கடைக்குச் செல்லவேண்டும். இவர் அவரைக் காட்டிலும் துணிந்தவர் என்றோ, அறிவில் குறைந்தவர் என்றோ யாரும் கூறமுடியாது. கையில் உள்ள காசே இருவருடைய ஆபத்தின் அளவையும் முன்னதாகவே தீர்மானித்துவிட்டது.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு சென்னைக் கோயம்பேடு காய்கறிச் சந்தை. ஊரடங்கில் சென்னை மக்கள் வீட்டில் தங்கியிருப்பதற்குக் காய்கறி தடையின்றி வந்தாகவேண்டும். அதனால் சந்தை நடந்தது. மூட்டை சுமப்போரும், வண்டியோட்டிகளும், சிறு வணிகரும் நெருக்கமாக உழைத்தனர். 2020 ஏப்ரல் இறுதியில் அங்கே நோய் பரவியது தெரியவந்தது. மே 5-ஆம் நாள் சந்தை மூடப்பட்டது. வேலையிழந்தவர்கள் சொந்த ஊர் திரும்பியபோது நோயும் உடன் சென்றது. கடலூர், விழுப்புரம், அரியலூர், கள்ளக்குறிச்சி முதலிய மாவட்டங்களில் நோயாளர் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. திரும்பி வந்தவர்களை ஊர்கள் அச்சத்துடனும் சில வேளைகளில் வெறுப்புடனும் நோக்கின. நகரத்தார் வீட்டில் பாதுகாப்பாக உண்டதற்காகவே அவர்கள் சந்தையில் நின்றார்கள் என்பதைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே, ஆபத்து என்பது குறைவதாகத் தோன்றும் இடங்களிற் பலவற்றில் அது உண்மையில் குறைவதில்லை. ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாறுகிறது. எந்தத் தோளுக்கு மாறும் என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் பற்றாக்குறையே.

2. மலைவாழ் மக்களின் கணக்கு

சமவெளியின் நிலை இதுவாயின், மலையின் நிலை என்ன? கல்வராயன் மலையில் வாழ்பவர்களுள் மிகுதியானோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இப்பெயர் மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்குவது. கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. இந்தியா விடுதலை பெற்ற பின்னரும் இம்மலை ஜாகிர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்து, 1976-ஆம் ஆண்டில்தான் அரசின் நேரடி நிருவாகத்துக்குள் வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை, நிலவுரிமை ஆகிய அனைத்தும் இங்கே காலந்தாழ்ந்து வந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். சாமையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் பயிராகும் இம்மலையில், நிலம் தரும் வருவாய் ஆண்டு முழுவதற்கும் போதாது. ஆகவே மக்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலை, கட்டட வேலை முதலியவற்றுக்குச் செல்கின்றனர்.

2020 மார்ச் இறுதியில் பேருந்துகள் நின்றன. சமவெளியில் இது பெருந்தொல்லை. மலையில் இது மருத்துவமே அற்றுப்போகும் நிலை. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு போன்ற ஊர்களையும் அவற்றுக்கு அப்பால் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களையும் எண்ணிப் பார்ப்போமாக. வண்டிப் பாதை இல்லாத சிற்றூரிலிருந்து நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிவரவேண்டும். அதன்பின் வாடகை வண்டி பிடிக்கவேண்டும். கர்ப்பிணியும், காசநோய்க்கு நாள் தவறாமல் மருந்துண்பவரும், சர்க்கரை நோயாளியும் எதிர்கொண்ட வினா கொரோனாவைப் பற்றியது மட்டுமன்று. கீழே இறங்கினால் தொற்று வரலாம். இறங்காவிட்டால் உள்ள நோய் முற்றலாம். எப்பக்கம் திரும்பினாலும் ஆபத்து. இத்தகைய தெரிவை நாம் சுதந்திரமான தெரிவு என்று அழைப்பது சொல்லுக்கே இழைக்கும் அநீதியாகும்.

தடுப்பூசியைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். 2021-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் நாட்டில் தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. ஏப்ரல் 17-ஆம் நாள் நடிகர் விவேக் இறந்தார். அதற்கு இரு நாள்களுக்கு முன்பு அவர் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்ததால், இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் கூறியும் தமிழ்நாடெங்கும் அச்சம் பரவியது. பின்னர் மே, ஜூன் திங்கள்களில் மக்கள் முன்வந்தபோது ஊசி மருந்து பலமுறை தீர்ந்துபோயிற்று. தயக்கமும் தட்டுப்பாடும் இவ்வாறு மாறிமாறி வந்தன.

மலைவாழ் மக்களின் தயக்கத்தை அறியாமை என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் இடத்தில் நின்று கணக்கிட்டுப் பார்ப்போமானால் உண்மை வேறாகத் தோன்றும். ஊசிக்குப் பின் இரண்டு நாள் காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் கூலி போகும். எதிர்பாராத துன்பம் நேரிட்டால் இரவில் வண்டி கிடைக்காது. உடல்நலத்துக்காகத் தம்மைத் தேடி இதற்குமுன் அரிதாகவே வந்தவர்கள், இன்று திடீரென்று ஊசியுடன் வருவது ஏன் என்னும் ஐயமும் எழும். தடுப்பூசி நன்மையானது, அது எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நன்மையை நம்பி ஏற்பதற்குச் சமவெளியில் உள்ள துணைகள் மலையில் இல்லை. நம்பிக்கையும் ஒரு பொருளைப்போலவே பற்றாக்குறைக்கு உள்ளாகக்கூடியது. பல ஆண்டுகள் சேர்த்து வைக்காத நம்பிக்கையை நெருக்கடி நாளில் எடுத்துச் செலவிட முடியாது.

3. வேதம் காட்டும் இரு நிகழ்ச்சிகள்

இந்நிலையில் வேதத்தை நோக்கும்போது, வழக்கமாகக் கொள்ளைநோயோடு சேர்த்து எடுத்துரைக்கப்படும் சங்கீதங்களைவிட, 2 சாமுவேல் 23:13-17-இல் உள்ள சிறு நிகழ்ச்சி நமக்கு அதிக வெளிச்சம் தருகிறது. தாவீது அதுல்லாம் கெபியருகே அரணான இடத்தில் இருக்கிறான். பெலிஸ்தரின் படை பெத்லகேமில் இருக்கிறது. தன் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின்மேல் அவனுக்கு ஏக்கம் உண்டாகிறது. அவன் யாருக்கும் கட்டளையிடவில்லை. ஆயினும் அவனுடைய வாய்ச்சொல்லைக் கேட்ட மூன்று வீரர் எதிரியின் பாளையத்துக்குள் துணிந்து புகுந்து தண்ணீர் மொண்டு வருகின்றனர். தாவீது அதைக் குடிக்க மறுத்து, கர்த்தருக்கென்று ஊற்றிவிடுகிறான். உயிரைப் பணயம் வைத்த மனிதரின் இரத்தமாக அது அவன் கண்ணுக்குத் தெரிகிறது.

இங்கே நாம் இரண்டு கருத்துகளைக் கவனிக்கவேண்டும். ஒன்று, தாவீது ஆபத்தை ஏற்றவன் அல்லன். பிறர் ஏற்ற ஆபத்தின் பயனைப் பெற இருந்தவன். நம்முள் பலருடைய நிலையும் இதுவே. மற்றொன்று, அவ்வீரரின் துணிவை அவன் புகழ்ந்து பாடிவிட்டுத் தண்ணீரைக் குடிக்கவில்லை. தன் விருப்பத்துக்கும் அவர்களுடைய ஆபத்துக்கும் உள்ள தொடர்பை உணர்ந்ததே அவனுடைய பக்தியின் வெளிப்பாடாயிற்று. ஊரடங்கில் மருத்துவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் நாடு கைதட்டியது. கைதட்டுவது எளிது. அவர்கள் மொண்டுவந்த தண்ணீரின் விலையைக் கணக்கிடுவது அரிது.

அதற்காக ஆபத்தை ஏற்கும் பணியே வேண்டாம் என்று வேதம் கூறவில்லை. பிலிப்பியர் 2:25-30-இல் எப்பாப்பிரோதீத்துவைக் காண்கிறோம். சிறையிலிருந்த பவுலுக்குச் சபையின் உதவியைக் கொண்டுவந்த அவன், அப்பணியில் நோயுற்று மரணத்துக்குச் சமீபமானான். அவனை மதிக்கும்படி பவுல் சபையாருக்கு எழுதுகிறார். ஆனால் அதே பகுதியில் பவுல் அவனுடைய சுகத்தைத் தேவன் தமக்கும் காட்டிய இரக்கமாகக் கருதி, அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். ஊழியன் சாகவேண்டும் என்று அப்போஸ்தலர் விரும்பவில்லை. ஊழியத்துக்காக ஏற்ற ஆபத்து மதிப்புக்குரியது; ஊழியனின் உயிரும் மதிப்புக்குரியது. இவ்விரண்டையும் பவுல் ஒருங்கே பற்றிக்கொண்டிருப்பது நம் சிந்தனைக்குரியது.

4. லூத்தரின் அறிவுரை

1527-ஆம் ஆண்டு ஆகஸ்டில் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியது. பல்கலைக்கழகம் யேனா நகருக்கு மாற்றப்பட்டது. லூத்தரும் பூகன்ஹாகனும் நகரிலேயே தங்கினர். லூத்தரின் இல்லமே நோயுற்றோர் தங்கும் இடமாயிற்று. கொள்ளைநோயினின்று தப்பியோடலாமா என்று பிரெஸ்லவு நகரப் போதகர் யோகான் ஹெஸ் கேட்ட வினாவுக்கு லூத்தர் அவ்வாண்டில் விடை எழுதினார்.

அவ்விடை இருசாராரையும் திருத்துவது. போதகர், நகர ஆட்சியர், மருத்துவப் பணியாளர், பெற்றோர் ஆகியோர் தம் பொறுப்பில் உள்ளவர்களைத் தகுந்த மாற்று ஏற்பாடின்றி விட்டுச்செல்லலாகாது என்றார். அத்தகைய பொறுப்பு இல்லாதவர், அயலார் கைவிடப்படாதபோது விலகிச் செல்வது பாவமன்று என்றார். மருந்தை மறுப்பதும் எச்சரிக்கையை இகழ்வதும் தேவனைச் சோதிப்பதாகும் என்று கண்டித்தார். தாம் தேவைப்படாத இடத்துக்குச் சென்று தம் வழியாகப் பிறர்க்கு நோய் பரவச் செய்யாமலிருப்பதையும், அயலானுக்குத் தேவையுள்ளபோது தயங்காமல் செல்வதையும் ஒரே அன்பின் இரு செயல்களாக அவர் கண்டார்.

இவற்றோடு, அவ்வளவாகக் கவனிக்கப்படாத ஒரு கருத்தையும் அவர் கூறியிருக்கிறார். நகரத்தின் செலவில் நன்கு நடத்தப்படும் மருத்துவமனைகள் இருக்குமாயின், ஒவ்வொருவரும் தம் வீட்டில் நோயாளிகளைப் பேணவேண்டிய நிலை இராது. அவை இல்லாத இடங்களில் நாமே ஒருவருக்கொருவர் மருத்துவமனையாக இருந்தாகவேண்டும் என்பதே அது. பொது ஏற்பாடு நன்றாக இருந்தால் தனிமனிதர் ஏற்கவேண்டிய ஆபத்துக் குறைகிறது என்பது இதன் பொருள். ஆகவே மலைக்கு ஒரு சாலையும், மருந்துள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் வேண்டும் என்று குரல் கொடுப்பது அயலானை நேசிக்கும் கட்டளைக்குப் புறம்பான அரசியலன்று. அடுத்த கொள்ளைநோயில் அம்மக்கள் ஏற்கவேண்டிய ஆபத்தை இன்றே குறைக்கும் வழி அதுவே.

5. ஆயர் பணிக்கு மூன்று வினாக்கள்

மேற்கூறியவற்றிலிருந்து, நெருக்கடியில் முடிவெடுக்கும் ஆயருக்கு மூன்று வினாக்கள் கிடைக்கின்றன. இச்செயலின் ஆபத்தைச் சுமப்பவர் யார்? அவருக்கு மறுக்கும் உரிமை உண்டா? அதைக் குறைக்க வேறு வழி இருந்தும் விடப்பட்டதா?

ஆலயத்தில் கூடுவதை எடுத்துக்கொள்வோம். நான் அஞ்சவில்லை என்று ஒரு போதகர் கூறலாம். ஆனால் ஆலயத்தில் தொற்றும் நோய் அவரோடு நிற்பதில்லை. ஆலயத்தைப் பெருக்கும் பணியாளரும், வழிபாட்டிலிருந்து திரும்பும் மூதாட்டியும், அவள் தூக்கி வளர்க்கும் குழந்தையும் அதில் சேர்ந்துள்ளனர். பிறருடைய உயிரை வைத்துக் காட்டப்படும் துணிவு விசுவாசமாகாது.

நோயுற்றோரைச் சந்திப்பதை எடுத்துக்கொண்டால் விடை மாறலாம். நோயாளியைக் கவனிக்க எவரும் இல்லாதபோது, தக்க காப்புடன் சென்று கஞ்சியும் மருந்தும் வாசலில் வைத்துவிட்டு வருவது கடமை. அவரைக் காக்கச் செவிலியர் இருக்கும்போது, போதகர் தாம் வந்து போனதைக் காட்டுவதற்காகச் செல்வது பயனற்றது. தொலைபேசியில் ஜெபிப்பது குறைந்த ஊழியமன்று. ஆனால் அலைபேசிக் கோபுரம் எட்டாத மலைச் சிற்றூர்களை நாம் மறக்கலாகாது. நகரத்துக்குப் பொருந்தும் மாற்று வழி அங்கே வழியே அன்று.

அடக்க ஆராதனையும் இவ்வாறே. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்கியது. உடன் பணிபுரிந்த மருத்துவரே முன்னின்று அடக்கத்தை முடிக்கவேண்டியதாயிற்று. அதன்பின், அடக்கத்தைத் தடுப்போருக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு பிறப்பித்தது. இறந்தவர் உடலிலிருந்து நோய் தொற்றியதற்குச் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே கூறியிருந்தது. அச்சமும் ஆபத்தும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது. இல்லாத ஆபத்தைக் கண்டு அஞ்சி, உயிர் கொடுத்தவரின் உடலுக்கு ஆறடி மண்ணை மறுப்பது பெருங்கொடுமை. சரியான செய்தியை முன்கூட்டியே மக்களுக்கு எடுத்துரைப்பதும் ஆயர் பணியில் அடங்கும்.

உதவிப் பொருள் வழங்குவதிலும் இவ்வினாக்கள் பொருந்தும். நூறு பேரை ஓரிடத்தில் நிற்கவைத்து, புகைப்படம் எடுத்து, அரிசிப் பை கொடுப்பது, பசியின் பெயரால் ஆபத்தைப் பங்கிடுவதாகும். அவர்களுக்கு மறுக்கும் உரிமை இல்லை, ஏனெனில் வீட்டில் அரிசி இல்லை. அதே அரிசியை வீடுதோறும் கொண்டுசெல்ல வழியிருக்குமாயின் அவ்வழியே அன்பின் வழி. மன்னாவைப் பற்றிய யாத்திராகமம் 16-ஆம் அதிகாரமும், அதனை எடுத்தாளும் 2 கொரிந்தியர் 8:13-15-உம் சமநிலையைக் கற்பிக்கின்றன. அச்சமநிலை உணவுக்கு மட்டும் உரியதன்று. உணவைப் பெறுவதில் உள்ள ஆபத்துக்கும் உரியது.

6. முடிவுரை

கொள்ளைநோய் தணிந்துவிட்டது. ஆனால் ஆபத்தைப் பங்கிட்ட பற்றாக்குறை இன்னும் தணியவில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலிவானதை நாடிய உழைப்பாளிகளே அவர்களுள் பலர். அதன்பின் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றித் தானே முன்வந்து வழக்கெடுத்துக்கொண்டது. நோயானாலும் நஞ்சானாலும், ஏழையின் தனிப்பட்ட முடிவு என்று நாம் கருதுவதன் பின்னால் சாலையும் கூலியும் மருத்துவமும் நிற்கின்றன.

எனவே, இறையியல் மாணவர் இனி ஒரு சபைக்குப் பணியாற்றச் செல்லும்போது, அச்சபை எல்லைக்குள் யாருக்குப் பேருந்து இல்லை, யாருக்கு மருந்து நாள்தோறும் வேண்டும், யாருக்கு மறுநாள் அரிசி இல்லை என்பதை அமைதியான நாள்களிலேயே அறிந்து வைப்பாராக. போதகர்கள் கிராம சுகாதாரச் செவிலியரையும் நியாயவிலைக் கடை ஊழியரையும் தம் உடன்வேலையாட்களாகக் கருதிப் பழகுவார்களாக. நெருக்கடி வரும்போது, நான் அஞ்சுகிறேனா என்பதற்கு முன், என் தண்ணீரை மொண்டு வருபவர் யார் என்னும் வினா நம் நாவில் எழுவதாக. பெத்லகேம் கிணற்றுத் தண்ணீரைத் தரையில் ஊற்றிய அரசன் நமக்கு விட்டுச்சென்ற பாடம் அதுவே.